அக்கா கட்டிய நீல ரிபன்

1

மாதா பிறந்த நாளன்று எனக்கு ஒரு பேரன் பிறந்துவிட்டான். அப்படித்தான் மிலானோவில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டிடம் முழுவதும் நம்பியது. முதியோர் இல்லக் குசினியில் காலைச் சமையல் முடித்து நான் திரும்பி வர, மூன்றாம் மாடிச் சீமாட்டி வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். கையில் ஒரு சோடி குட்டிக் கம்பளிச் சப்பாத்து. தானே பின்னியதாம், வேறு யாருக்கோ வைத்திருந்ததாம், பரவாயில்லையாம்.

“ஆண்பிள்ளை! வாழ்த்துகள், வாழ்த்துகள்! தாயும் பிள்ளையும் சுகமா?”

எந்தத் தாய், எந்தப் பிள்ளை? எங்கள் வீட்டில் இருப்பது நானும் என் கணவர் ஜூட்டும் எங்கள் ஒரே மகள் ஷரோனும். அவளுக்குப் பதினாறு வயது. எங்களோடு அந்த மாதம் ஊரிலிருந்து வந்து நின்ற என் மூத்த சகோதரி பிலோ அக்கா, அவ்வளவுதான். சீமாட்டியின் முகத்தில் சந்தோசத்துக்குப் பின்னால் ஒரு பரிதாபமும் ஒளிந்திருந்தது. “இந்தக் காலத்தில் இதெல்லாம் நடக்கிறதுதான், பாவம், பிள்ளையை ஏசாதே” என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் வீட்டைப் பார்த்தேன். ஜூட்டுக்கு இந்தக் கட்டிடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதனால் தெருவாசலுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிவது எங்கள் கதவுதான். அந்தக் கதவின் நடுவில், பெரிய முடிச்சுப் போட்டு, ஒரு நீல ரிபன் தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தாலியர் வீட்டில் குழந்தை பிறந்தால் வாசலில் ரிபன் கட்டுவார்கள். பெண் என்றால் ரோஸ் நிறம், ஆண் என்றால் நீலம். எத்தனையோ முறை ஜூட்டே ஏணி வைத்து மேல்மாடிக்காரருக்குக் கட்டிக் கொடுத்திருக்கிறார். இது எனக்கும் தெரியும், ஷரோனுக்கும் தெரியும். கற்பிட்டிக் கரையிலிருந்து வந்து இறங்கிய பிலோ அக்காவுக்கு எப்படித் தெரியும்?

2

ஊரில் என் வயதுப் பெண்களுக்கு அந்த ரிபனைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் அப்பா அம்மா சண்டைக்காலத்தில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து ஓடிவந்து கற்பிட்டிக் கரையில் குடியேறியவர்கள். அங்கே எங்கள் கோவிலில், உறுதிபூசுதல் என்ற திருச்சடங்கு முடிந்த பெண்பிள்ளைகளை மாதா சபையில் சேர்ப்பார்கள். வெள்ளை உடுப்பு, கழுத்தில் பதக்கம் கோத்த நீல ரிபன். திருவிழாவில் மாதா சுரூபத்துக்கு முன்னால் நடப்பது நாங்கள்தான். புதிதாகச் சபையில் சேர்ந்த பிள்ளை உள்ள வீட்டில் மாதா பிறந்த நாளன்று அந்த ரிபனை வாசற்கதவில் கட்டி வைப்பார்கள். இந்த வீட்டில் கலியாணமாகாத ஒரு குமர் இருக்கிறாள், மாதாவின் காவலில் இருக்கிறாள் என்று அர்த்தம். கலியாணத்தன்று, தாலி கட்டுவதற்கு முன், மணப்பெண் அந்த ரிபனை மாதா பீடத்தில் திருப்பி வைத்துவிடுவாள்.

கேட்க எவ்வளவு வடிவாக இருக்கிறது! ஆனால் அதைப் பற்றி எங்களுக்கு என்ன சொல்லித் தந்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, விசர்க் கோபமும் வருகிறது. ஞாயிறு மறைக்கல்வியில் எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒரே ஓர் உதாரணம்தான் வைத்திருந்தார். கரையில் கருவாடு காயப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்தானே பிள்ளைகள், மூடி வைச்ச கருவாட்டில ஈ மொய்க்குமா? மொய்க்காது, ரீச்சர். அவ்வளவுதான். கற்பு என்ற பாடம் முடிந்தது.

பக்கத்து வீட்டு றமீசா தாத்தா (முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள்), தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்தவர், என் அம்மாவோடு வேலிக்கு மேலால் கதைக்கும்போது இதையேதான் வேறு விதமாகச் சொல்லுவார். “பொம்புளப் புள்ளய வெச்சிருக்கிறது நெருப்புக்குப் பக்கத்தில பஞ்ச வெச்சிருக்கிற மாதிரி, தங்கச்சி.” அம்மா “ஓம் ஓம்” என்று தலையாட்டுவார். கோவிலும் பள்ளிவாசலும் வேறு, பயம் ஒன்று.

நான் பயந்தேன். ஒழுங்காக இருந்தேன். பயம் பொய்யில்லை, அதில் கொஞ்சம் நன்மையும் இருந்தது. ஆனால் எதைக் காப்பாற்றுகிறேன், யாருக்காக என்று எனக்குத் தெரியாது. ஊர் என்ன கதைக்கும் என்பதுதான் பத்துக் கட்டளைக்கும் மேலே பதினோராவது கட்டளையாக இருந்தது. இங்கே வந்து பார்த்தால் ஊரே இல்லை. மாடியில் இருப்பவருக்குக் கீழே இருப்பவர் பெயர் தெரியாது. பிறகு என்னத்தைச் சொல்லி ஒரு பிள்ளையை வளர்ப்பது?

இங்கத்தைய பங்குக் கோவிலில் மறைக்கல்வி நடக்கும் இடத்தில் மேசைப் பந்தாட்டம் இருக்கிறது. சாமியார் காற்சட்டையோடு பிள்ளைகளுக்கு நடுவில் குந்தியிருக்கிறார். பெடியளும் பெட்டையளும் ஒன்றாகத்தான் படிக்கிறார்கள். “உன் மனச்சாட்சியைக் கேள்” என்கிறார்கள். நல்ல வார்த்தைதான். ஆனால் பதினாறு வயது மனச்சாட்சிக்கும் யாராவது கொஞ்சம் சாப்பாடு போட வேண்டுமே!

3

யுத்தம் முடிந்த கையோடு, இரண்டு வயது ஷரோனைத் தூக்கிக்கொண்டு நான் இங்கிருந்த ஜூட்டிடம் வந்தேன். ஜூட் சிலாபத்துப் பக்கம். செபம் தமிழில், ஏச்சு சிங்களத்தில், கணக்குப் பார்ப்பது இப்போது இத்தாலியனில். ஷரோன் எங்களோடு தமிழ் கதைப்பாள். ஆனால் கோபமும் கனவும் அவளுக்கு இத்தாலியன்தான்.

பிலோ அக்கா கலியாணம் கட்டவில்லை. ஊர் மாதா சபையை இன்றுவரை நடத்துகிறவர் அவர். அவருடைய விசாவுக்காக நாங்கள் பட்ட பாட்டைத் தனியே எழுதலாம். விசா நேர்முகத்தில், கலியாணம் ஆகாதவர், பிள்ளை குட்டி இல்லை, திரும்பிப் போவீர்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்களாம். “நல்ல கதை! நான் போகாட்டி திருவிழாவுக்கு மாதாவுக்குச் சேலை மாத்துறது ஆர்?” என்றிருக்கிறார் அக்கா. விசா கிடைத்தது. இங்கே வந்த பிறகு பொலிஸில் பதிய வேண்டும் என்று கூட்டிப் போனேன். அங்கும் ஒரு கடதாசியில் அதே கேள்வி. “என்னடி இவங்களுக்கு, உலகம் முழுக்க என்ர கலியாணத்தில தான் கண்!” என்று கதிரையில் இருந்தபடியே சத்தம் போட்டார்.

அக்கா வந்த காரணம் ஷரோன். பிள்ளைக்கு உறுதிபூசுதல் முடிந்துவிட்டது, ரிபன் கட்ட ஆளில்லை என்று தானே ரிபனையும் பதக்கத்தையும் கொண்டு வந்திருந்தார். வந்த முதல் நாளே ஷரோன், “பெரியம்மா, நீ களைச்சுப் போனாய், இரு” என்று அன்பாகக் கதிரையை இழுத்துவிட்டாள். இத்தாலியனில் பெரியம்மாவையும் ‘நீ’ என்றே கூப்பிடலாம். அக்கா அப்படியே நின்றுவிட்டார். “மெற்றில்டா, உன்ர மோள் என்னை நீ எண்டுறாள்.” அந்தப் பஞ்சாயத்து முடிய இரண்டு நாள் எடுத்தது.

ஆனால் அக்காவுக்குத் தெரியாத ஒன்று என் நெஞ்சில் கிடந்து எரிந்துகொண்டிருந்தது. மாதா பிறந்த நாளுக்கு முந்தின வாரம் ஷரோன் குசினிக்குள் வந்து, பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் மத்தேயோவின் கடற்கரை வீட்டுக்குப் போகப் போவதாகச் சொன்னாள். மத்தேயோ அவளுடைய வகுப்புப் பெடியன். கொஞ்ச நாளாக அவன் பெயரைச் சொல்லும்போது அவள் குரல் மாறுவதை நான் கவனித்துத்தான் இருந்தேன். மாதா பிறந்த நாள் கழிந்து வருகிற சனிக்கிழமை போய் ஞாயிறு வருவார்களாம்.

“ஆர் ஆர் போறீங்கள்?” என்று கேட்டேன்.

“கூட்டாளியள்” என்றாள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள், மூடினாள். “பொய் அம்மா. நாங்கள் ரெண்டு பேரும்தான். அவன்ர அம்மா அப்பா இல்லை.”

கத்தவா, அழவா? ஜூட்டிடம் சொன்னால் தெருக்கதவையே பூட்டித் திறப்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போகக்கூடாது என்று ஒரு சொல் சொன்னால் இந்த முறை நிற்பாள். அடுத்த முறை “கூட்டாளியள்” என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திவிடுவாள். பொய் சொல்ல வசதி இருந்தும் உண்மை சொன்ன பிள்ளை என் முன்னால் நிற்கிறாள். அவளுடைய கற்பையும் நான் காப்பாற்ற வேண்டும், அந்த உண்மையையும் காப்பாற்ற வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டால் மற்றதும் போய்விடும் என்று எனக்குப் பட்டது.

“சனிக்கிழமைக்கு முன்னம் கதைப்பம்” என்றேன். கதைப்பதற்கு என்னிடம் இருந்ததோ ஒரு கருவாடு மட்டும்.

4

ரிபனுக்கு வருகிறேன். சீமாட்டியிடமிருந்து தப்பி உள்ளே போனால் ஷரோன் சோபாவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரிக்கிறாள், கண்ணில் தண்ணீர். அக்கா நடுவீட்டில் நின்று அவளைப் பார்த்து முழிக்கிறார்.

“காலையில இருந்து எல்லாரும் வந்து கையைக் குடுக்கினம் மெற்றில்டா. நல்ல பக்தியான சனம் எண்டு நினைச்சன். ஒருத்தி கேக்கும் கொண்டந்து தந்தவ.”

நான் விசயத்தைச் சொன்னேன்.

“சேசு மரி சூசையே! குமர்ப்பிள்ளைக்குக் காவல் எண்டு கட்டினதை நான் பிள்ளைப்பெத்த வீடாக்கிப் போட்டேனே!” என்று தலையில் கை வைத்து அப்படியே இருந்துவிட்டார். உடனே எழும்பிப் போய் ரிபனை அவிழ்க்கப் பார்த்தார், அவசரத்தில் இழுத்து முடிச்சு இறுகியதுதான் மிச்சம். உண்மையிலேயே அழுதார். ஷரோனின் காலைக் கூடத் தொட்டு மன்னிப்புக் கேட்பார் போலிருந்தது.

ஷரோன் கோபப்படுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தானே போய் முடிச்சை அவிழ்த்தாள். படியேறிய எல்லோரிடமும் “குழந்தை இல்லை, அது எங்கள் ஊர் வழக்கம், மாதாவுக்காக” என்று விளக்கினாள். என்ன வழக்கம் என்று ஒருவர் கேட்க, அவளுக்கே பதில் தெரியவில்லை. உள்ளே வந்து அதைத்தான் கேட்டாள்.

நாங்கள் மூவரும் குசினி மேசையில் இருந்து சாளை மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். அக்கா ரிபனைப் பற்றிச் சொன்னார். நானும் விடாமல் கருவாட்டுக் கதையைச் சொன்னேன்.

“கருவாடா!” என்று ஷரோன் கத்தினாள். “உங்களைக் கருவாடு எண்டா சொன்னவை? சரி, மத்தேயோக்கு ஏன் ரிபன் இல்லை?”

மத்தேயோ யார் என்று அக்கா கேட்கவில்லை. அதற்குள் பதில் சொல்லிவிட்டார். “பெடியளுக்கும்தான் கட்ட வேணும். கர்த்தர் ரெண்டு பேருக்கும் ஒரே கட்டளைதான் குடுத்தவர். எங்கட ஊரில பெடியளுக்குக் கட்ட வெளிக்கிட்டா ரிபன் கடை பத்தாது, அதுதான்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஷரோன் சிரிக்கவில்லை. மீனைக் கீழே வைத்துவிட்டு அக்காவை நேரே பார்த்தாள்.

“பெரியம்மா, கோபிக்கக் கூடாது. உங்களுக்கு ஒருத்தரிலயும் ஆசை வரேல்லையா?”

நான் “ஷரோன்!” என்றேன். இப்படி ஒரு கேள்வியை அக்காவிடம் கேட்க வேண்டும் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு சீவனுக்கும் தோன்றியதில்லை. அக்கா குமர், அக்கா சபைத் தலைவி, அதோடு சரி.

“வந்ததடி,” என்றார் அக்கா. “ஏன் வராது? நான் என்ன சுரூபமோ?”

பிறகு மீனின் செதிலைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். சீசனுக்கு எங்கள் கரையில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடிக்க வந்தவர்களில் ஒருவன். தண்ணி அள்ளப் போகும்போது பார்ப்பான், இவரும் பார்ப்பார். சீசன் முடியப்போகிற நேரம், பொழுதுபடுகிற பின்னேரம் தனியே வாடிக்கு வா, கதைக்க வேணும் என்றிருக்கிறான். நல்ல சட்டை போட்டுக்கொண்டு வெளிக்கிட்டாராம். பாதி வழி போனாராம்.

“பயந்து திரும்பீட்டீங்களா?” என்றாள் ஷரோன்.

“முதல் பயம்தான். ஆனா பயத்தோடயும் போறதுக்கு எனக்குத் துணிவு இருந்தது, பொய் சொல்ல மாட்டன். நடக்க நடக்க யோசிச்சன். இவன் வீட்டுக்கு வந்து அப்பாவிட்டக் கேக்கிறன் எண்டு ஒரு சொல் சொல்லேல்ல. கோவிலடிக்கு வா எண்டு சொல்லேல்ல. வாடிக்கு வா எண்டுதான் சொல்லுறான். என்னை வேணும் எண்டு கேக்கேல்ல, ஒரு பின்னேரத்தைக் கேக்கிறான். பின்னேரத்தைக் குடுத்திட்டு மிச்சத்தை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? திரும்பீட்டன். அவனும் அடுத்த சீசனுக்கு வரேல்ல.”

“பிறகு கவலைப்பட்டீங்களா?”

“பட்டன். கன நாள்.” அக்கா கத்தியைக் கழுவினார். “ஆனா அந்த வழியில திரும்பி வரேக்க, சொன்னா நம்பமாட்டாய் பிள்ளை, எனக்கு அழுகையும் வந்தது, ஒரு சந்தோசமும் வந்தது. நான் என்ர கையில இருக்கிறன் எண்டு முதல் முதலா விளங்கினது அண்டைக்குத்தான்.”

ஒரே பாயில் படுத்து வளர்ந்த என் சொந்தச் சகோதரி. எனக்கு இதில் ஒரு வரி தெரியாது. அந்த நேரம் அவர் மீது எனக்கு வந்த அன்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கூடவே ஓர் ஆத்திரமும் வந்தது. இதையல்லவா அந்த ரீச்சர் எங்களுக்குச் சொல்லித் தந்திருக்க வேண்டும்!

5

அடுத்த நாள் பின்னேரம் ஷரோன் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது நான் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த நல்ல வசனமெல்லாம் மறந்து போனது.

“நீ அங்க போறதுக்கு என்ர சம்மதம் இல்லை,” என்றேன். “ஊர் கதைக்கும் எண்டதுக்காக இல்லை. இஞ்ச எங்களுக்கு ஊர் இல்லை.”

“தெரியும்” என்றாள்.

“உடம்பும் கதைக்கும் பிள்ளை. நான் முழுக்க உனக்குத்தான், சாகும் வரைக்கும் எண்டு அது சொல்லும். கடவுள் அதை அப்பிடித்தான் படைச்சவர், கெட்டதாப் படைக்கேல்ல. அதைச் சொல்லுறதுக்கு ஒரு நாள் இருக்கு, கோவிலில, எல்லாருக்கும் முன்னால, அவனும் அதையே திருப்பிச் சொல்லுற நாள். அதுக்கு முதல் சொன்னா அது பொய்யாப் போடும். அண்டைக்கு நீ எனக்குப் பொய் சொல்லேலாமல் நிண்டாய்தானே? அந்த மாதிரித்தான் இதுவும்.”

நான் எழும்பும்போது இன்னொன்றும் சொன்னேன். “எப்பவாவது பிழை விட்டாலும் நேரே வீட்டுக்கு வா. பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்கப் பாவசங்கீர்த்தனம் இருக்கு, நான் இருக்கிறன்.” இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ, இடம் கொடுத்ததாகப் போய்விடுமோ என்று பிறகு நெடுநேரம் குழம்பினேன். இப்போதும் தெரியவில்லை. ஆனால் எங்களுடைய வேதத்தில் இந்த இரண்டாவது வசனமும் இருக்கிறதுதானே?

சனிக்கிழமை காலை அவள் வெளிக்கிட்டாள். “ஸ்டேஷனில அவனைப் பாத்து நானே சொல்லப் போறன்” என்றாள். என்ன சொல்லப் போகிறாள் என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை. தோளில் ஒரு பை இருந்தது. எப்போதும் கொண்டு போகிற பைதான், ஆனால் அன்று அது பெரிதாகத் தெரிந்தது. ஜூட் படி துடைத்துக்கொண்டே “கவனமாப் போ” என்றார், ஒன்றும் அறியாமல்.

நானும் அக்காவும் செபமாலை சொல்ல இருந்தோம். அதற்குள் அக்காவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். எத்தனையாவது மணி என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போய், திரும்பத் திரும்ப அதே இடத்தில் நின்றோம். “போனால் என்னடி செய்யிறது?” என்றார் அக்கா. “தெரியாது” என்றேன். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, மத்தேயோவில், இந்த நாட்டில், என்னில். கட்டிப் போட்டிருக்கலாமே என்று கூட நினைத்தேன். கட்டிப் போட்டு வைத்திருந்தால் அவள் வீட்டில் இருப்பாள், அவ்வளவுதான்.

மத்தியானச் சோறு ஆறிப் போன பிறகு கதவு திறந்தது. ஷரோன் வந்து பையைத் தூக்கி ஒரு மூலையில் போட்டாள். முகம் கழுவினாள். அக்கா ஒன்றும் கேட்காமல் அவளுக்குச் சோறு போட்டார். அவள் சாப்பிடவில்லை.

“பயமா எண்டு கேட்டான். இல்லை எண்டன். அப்ப என்னில விருப்பமில்லையா எண்டு கேட்டான்.” சொல்லிக்கொண்டே விரலால் மேசையைத் தேய்த்தாள். “விருப்பம் இருக்கு, அதாலதான் வரேல்ல எண்டு சொன்னன். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியேல்ல அம்மா. அவன் சிரிச்சான். பிறகு ரயிலில ஏறிப் போட்டான். தனியப் போறானாம். இனி மெசேஜ் போட வேண்டாமாம்.”

நான் அவள் கையைப் பிடித்தேன்.

“அவனுக்கு விளங்கேல்ல,” என்றாள். “உங்களுக்கு விளங்குதா?”

“விளங்குது” என்றேன்.

“அப்ப நான் இப்ப அழலாம்தானே?” என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல், அழத் தொடங்கினாள்.